ஆறு வீட்டிலும் அடுப்பு ரிப்பேர்

தையல்காரிக்குக் கோபம் வரப்போகிறது என்பதை அந்தக் கட்டடத்தில் எல்லோரும் முன்கூட்டியே தெரிந்துகொள்வார்கள். வேலை செய்யும்போது அவள் உதடுகளுக்கு நடுவே எப்போதும் நாலைந்து குண்டூசிகள் இருக்கும். அந்த ஊசிகளோடுதான் பேசுவாள், சிரிப்பாள், மகளைப் படிக்கச் சொல்லி விரட்டுவாள், போனில் அக்காவிடம் ஊர் வம்பு கேட்பாள். ஆனால் அந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, இடது மணிக்கட்டில் கட்டியிருக்கும் பஞ்சு உருண்டையில் குத்த ஆரம்பித்துவிட்டால் எதிரே நிற்பவர் செருப்பைத் தேடிக்கொள்வது நல்லது. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வாயில் ஊசி இருக்கிறதா இல்லையா என்று பார்த்துப் பார்த்தே குடும்பம் நடத்திவிட்ட மனிதர்.

அந்தக் கோபம் சும்மா வந்த கோபமும் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு பெரிய ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைக்கும் வரிசையில் இருந்தாள். ஒரு நாள் காலரெல்லாம் கோணலாக வந்தது. சூப்பர்வைசர் கொடுத்த அளவு அட்டையே தப்பு, அதை வைத்து வெட்டினால் கோணலாகத்தான் வரும். வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். அந்த ஆள் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் தலையில் பழியைப் போட்டு எல்லார் முன்னாலும் அவளை அழவைத்தான். ஒருத்தியும் மூச்சு விடவில்லை. இவள் மட்டும் எழுந்துபோய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாள். அடுத்த வாரம் வேலை போனது. வேலை போனதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. கடைசி நாளன்று ஒவ்வொருத்தியாக வந்து, கையைப் பிடித்துக்கொண்டு, காதோடு காதாக, "நல்லா கேட்டீங்கக்கா" என்றார்களே, அதுதான் ஆறவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் ஊசிகளை எடுத்துவிடுவாள்.

அப்புறம்தான் வீட்டிலேயே மெஷின் போட்டாள். தரைத்தளம், முதல் மாடி, இரண்டாம் மாடி, தளத்துக்கு இரண்டு வீடு என்று மொத்தம் ஆறு வீடுகள் உள்ள கட்டடம் அது. நடுவில் படிக்கட்டு. முதல் மாடியில் இடது பக்கம் அவள் வீடு. முன்னறையில் ஜன்னலோரம் மெஷின், சுவரோரம் இஸ்திரி மேசை, மூலையில் ஒரு கட்டில். தைக்க வந்த துணியெல்லாம் அந்தக் கட்டில் மேல்தான் குவிந்து கிடக்கும். கட்டடத்து ஆறு வீட்டுத் துணியும், தெருவில் பாதி வீட்டுத் துணியும் அந்த அறைக்குள் வந்துதான் போகும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மழலையர் பள்ளி. அதன் தலைமை ஆசிரியை ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறப்பதற்கு முன் குழந்தைகள் அத்தனை பேருடைய சீருடைத் துணியையும் இவளிடம் கொண்டுவந்து இறக்குவார். வருஷ வருமானத்தில் பாதி வருவது அந்தத் துணியில்தான். அது போனால் மெஷினை மூடிவைத்துவிட்டு மறுபடி ஏதாவது தொழிற்சாலை வாசலில் போய் நிற்கவேண்டியதுதான்.

இப்படி இருக்கையில்தான் ஒரு நாள் காலை, தைத்து முடித்த வெள்ளைச் சட்டை ஒன்றை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். காலர் மடிப்பில் ஒரு சிவப்புப் பொட்டு தெரிந்தது. நகத்தால் மடிப்பைப் பிரித்தாள். உள்ளே தட்டையாக, மிளகைவிடச் சின்னதாக, ஒன்று நகர்ந்தது. அவளுக்குச் சந்தேகமே இல்லை. இஸ்திரிப் பெட்டியை அதன் மேலேயே வைத்து அழுத்தினாள். ஒரு நாற்றம் வந்தது. மூட்டைப்பூச்சி.

சட்டை மேல் வீட்டுத் தலைவருடையது. தலைவர் என்றால் பெரிய கட்சித் தலைவர் ஒன்றும் இல்லை. ஆறு வீட்டுக்கும் தண்ணீர் மோட்டார் போடுவது, குப்பை எடுக்காவிட்டால் ஆள் அனுப்புவது, யார் வீட்டுக் குழந்தை படியில் ஓடினாலும் தொண்டையைச் செருமுவது, இவைதான் அவர் வேலை. ஓய்வுபெற்ற கிடங்கு அதிகாரி. யாரும் தேர்ந்தெடுக்காமலே தலைவராகிவிட்டவர். அவர் வீட்டுச் சட்டை என்பதால் பூச்சியும் அங்கேயிருந்துதான் இறங்கி வந்தது என்று முதலில் அவளுக்கு ஜிவ்வென்று ஏறியது. ஆனால் சட்டை ரெண்டு நாளாகக் கிடந்தது இவள் வீட்டுக் கட்டிலில். மெத்தையைத் தூக்கிப் பார்த்தாள். பலகை இடுக்குகளில் மொத்தக் குடும்பமும் குடியிருந்தது. பாட்டன் முதல் பேரன் வரை.

அவள் உட்கார்ந்துவிட்டாள். மகள் கையிலும் கழுத்திலும் ஒரு மாதமாக வரிசையாகத் தடிப்பு தடிப்பாக இருந்ததைக் கொசு என்று நினைத்து, கொசுவர்த்தியும் வேப்பெண்ணெயுமாக அமர்க்களப்படுத்தியிருந்தாள். இந்தச் சனியன் எந்த வழியாக வந்தது? கணவர் விடுதிகளில் லிஃப்ட் பழுதுபார்க்கப் போய்விட்டு அந்தக் கருவிப் பையைக் கட்டிலடியில்தான் தள்ளுகிறார், அதிலா? எதிர்வீட்டில் போன மாதம் பழைய சோபா ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்களே, அதிலா? எவர் கொண்டுவந்திருந்தாலும் அவர் நன்றாக இருக்கக்கூடாது என்று மனசுக்குள் சபித்தாள். மாலையில் கணவர் வந்தபோது அவர் பை வாசலுக்கு வெளியே கிடந்தது. உள்ளே வாயில் ஊசியில்லாத மனைவி நின்றாள். அவர் பையைக் கீழே கொண்டுபோய் உதறிவிட்டு வந்தார்.

வெளியே மட்டும் மூச்சு விடக்கூடாது என்று இருவரும் முடிவு செய்தார்கள். தையல்காரி வீட்டில் மூட்டைப்பூச்சி என்று ஒருவர் காதில் விழுந்தால் போதும், நாளைக்கு ஒரு கைக்குட்டைகூடத் தைக்க வராது. மகளிடமும், யார் கேட்டாலும் கொசு என்று சொல்லச் சொன்னாள். கட்டில் கால்களுக்குக் கீழே டப்பா வைத்து மண்ணெண்ணெய் ஊற்றினாள். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் காய்ச்சி இடுக்குகளில் ஊற்றினாள். வந்த துணியையெல்லாம் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, ஒவ்வொரு மடிப்பிலும் இஸ்திரிப் பெட்டியை அழுத்திய பிறகே திருப்பிக் கொடுத்தாள். மெத்தையை மொட்டைமாடியில் காயப்போடலாம் என்றால் பார்ப்பவர்கள் கேள்வி கேட்பார்கள். ஒரு மதியம் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க மேலே போனாள். மண்டையைப் பிளக்கும் வெயில். மாடி வெறிச்சென்று கிடந்தது. இந்த வெயிலிலும் ஒருத்தர் ஒரு தலையணையைக்கூடக் காயப்போடவில்லையே, என்ன சோம்பேறிக் கூட்டம் என்று திட்டிக்கொண்டே இறங்கி வந்தாள்.

பூச்சி குறையவில்லை. நாலு நாள் அடங்கியிருக்கும், ஐந்தாம் நாள் சுவரோரமாக ஊர்ந்து வரும். கடைசியில் கணவர் வேலையிடத்தில் யாரிடமோ கேட்டு ஒரு நம்பர் வாங்கி வந்தார். மருந்தடிக்கும் ஆள் காதும் காதும் வைத்தாற்போல் வேலையை முடித்துவிடுவாராம், பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாதாம்.

சொன்ன நேரத்துக்குக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் வாசலில் அடுப்பு ரிப்பேர்காரர் நின்றார்.

அவரை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆறேழு மாதமாக அந்தப் படியில் ஏறி இறங்குகிறவர். தோளில் ஒரு பெரிய கேஸ் அடுப்பு அட்டைப்பெட்டி. மேல் வீட்டுக்குப் போவார், கீழ் வீட்டுக்குப் போவார், எதிர்வீட்டுக்குப் போவார். ஒரு தடவை இவளே, "எங்க வீட்டு அடுப்பு மட்டும்தான் இந்தக் கட்டடத்துல நல்லா எரியுது போல" என்று கிண்டல் செய்திருக்கிறாள். அவர் அன்றைக்கு அசடு வழியச் சிரித்துவிட்டு இறங்கிப் போனார்.

"அடுப்பு ஒண்ணும் கெடலையே" என்றாள் இப்போது.

"நான்தான்மா. பூச்சிக்கு" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

உள்ளே வந்து பெட்டியைத் திறந்தார். அடுப்பு இல்லை. மருந்துத் தெளிப்பான், குழாய், முகமூடி. அவள் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேல் வீடு ரெண்டின் அடுப்பு, எதிர்வீட்டு அடுப்பு, கீழ் வீடு ரெண்டின் அடுப்பு. எல்லாம் வரிசையாக மண்டைக்குள் எரிய ஆரம்பித்தன. மொட்டைமாடி ஏன் வெறிச்சென்று கிடந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மணிக்கட்டில் குத்தினாள்.

யார் யார் வீட்டுக்கு அடித்தீர்கள் என்று கேட்டாள். அதைச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்கள் என்றார் அவர். ஆனால் மனிதருக்கும் வெறுத்துப்போயிருந்தது. ஒரு வீட்டில் அடித்தால் அது சுவிட்ச் பெட்டி ஓட்டை வழியாகவும் சுவர் விரிசல் வழியாகவும் அடுத்த வீட்டுக்குப் போகிறது, அங்கே அடித்தால் இங்கே திரும்புகிறது, எல்லா வீட்டிலும் ஒரே நாளில் அடித்து, குஞ்சு பொரிக்கும் நேரம் பார்த்து மறுபடி ஒரு தடவை அடித்தால்தான் ஒழியும் என்று ஒவ்வொரு வீட்டிலும் தலைதலையாக அடித்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு வீட்டிலும் அவருக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான். எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது, வெளியே சொல்லிவிடாதீர்கள்.

"உங்க வீட்டுல மட்டும் அடிச்சா ஒரு மாசம் தாங்கும். அப்புறம் மறுபடி நான் அடுப்பைத் தூக்கிட்டு வரணும்" என்றார்.

இன்றைக்கு அடிக்கவேண்டாம் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டு நேராக மேலே போனாள். கதவைத் திறந்தது தலைவரின் மனைவி. மாடி அக்கா என்று அவளைக் கூப்பிடுவது வழக்கம். நல்ல மனுஷி, ஆனால் கணவர் வாயைப் பார்த்துத்தான் பேசுவாள். தையல்காரி மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். அக்கா, எங்கள் வீட்டில் இருக்கிறது, உங்கள் வீட்டிலும் இருக்கிறது, எல்லோரும் சேர்ந்து ஒரே நாளில் அடித்துவிடலாம் என்றாள். மாடி அக்காவின் கை தன்னையறியாமல் கழுத்தைச் சொறிந்தது. அதற்குள் உள்ளேயிருந்து தலைவர் வந்துவிட்டார். எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது, அடுப்பில் பர்னர் அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான் என்றார்.

"நாலு ஊர்த் துணி வந்து போற வீடு உங்களோடது. இருந்தா அங்கதான் இருக்கும். கொஞ்சம் சுத்தபத்தமா இருக்கப் பாருங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

அந்த ஆளின் காலரைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது அவளுக்கு. அந்தக் காலரிலிருந்துதானே எல்லாம் தெரிந்தது. ஆனால் வார்த்தையை மென்று முழுங்கிக்கொண்டு இறங்கினாள். சண்டை போட்டால் சத்தம் கேட்கும், சத்தம் கேட்டால் விஷயம் வெளியே போகும். பள்ளித் துணி வரும் நாள் நெருங்கிவிட்டது. அதுவரைக்கும் பொறுக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எதிர்வீட்டிலும் கீழ் வீடுகளிலும் மேலே இருந்த இன்னொரு வீட்டிலும்கூடக் கேட்டுப் பார்த்தாள். எங்கும் பர்னர் அடைப்புதான். பொய்யைக்கூட ஆளுக்கு ஒன்றாகச் சொல்லத் துப்பில்லாத ஜென்மங்கள்.

துணி வரும் நாளும் வந்தது. கீழே ஆட்டோ நின்றது. தலைமை ஆசிரியை முன்னால் ஏறி வந்தார். பின்னால் ஓட்டுநர் நீலத் துணிக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். கட்டிலைத் துடைத்து, புது விரிப்புப் போட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி கதவை விரியத் திறந்து வைத்திருந்தாள் தையல்காரி. ஆசிரியை வாசல் வரை வந்து, சிரித்துக்கொண்டே, இந்த வருஷம் மூன்று வயதுக் குழந்தைகள் நிறையச் சேர்ந்திருக்கிறார்கள், கழுத்தில் உறுத்தாத மாதிரி தைத்துக் கொடு என்றார்.

கழுத்து என்றதும் அவளுக்கு மகளின் கழுத்தும் கையும் நினைவுக்கு வந்தன. இந்தக் கட்டுகள் இங்கே ஒரு மாதம் கிடக்கும். இஸ்திரி போட்டுப் போட்டு எத்தனை மடிப்பை அழுத்த முடியும்? ஒன்றே ஒன்று தப்பினால் போதும். ஏதோ ஒரு வீட்டில் ஒரு தாய், மூன்று வயதுப் பிள்ளைக்குக் கொசுவர்த்தி ஏற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்படியானால் எனக்கும் மேல் வீட்டு ஆளுக்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்தாள். ஊசிகளை எடுத்துக் குத்த ஆரம்பித்தாள். ஆசிரியைக்கு அதன் அர்த்தம் தெரியாது. ஆனால் எதிர்வீட்டில் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தெரியும். கதவு சட்டென்று சாத்திக்கொண்டது.

"துணிக் கட்டை உள்ள கொண்டு வராதீங்க டீச்சர்" என்றாள். "எங்க வீட்டுல மூட்டைப்பூச்சி இருக்கு."

படிக்கட்டுக்கென்று ஒரு குணம் உண்டு. கீழே தும்மினால் மேலே கேட்கும். அவள் சொன்னது ஆறு வீட்டுக்கும் கேட்டது. ஆசிரியை ஒரு படி பின்னால் நகர்ந்தார், புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அவரைத் தப்புச் சொல்ல முடியாது. சொன்னதற்கு நன்றி என்றார், அவர் முகத்தில் உண்மையிலேயே வருத்தம் இருந்தது, ஆனால் கட்டுகளைத் திரும்ப இறக்கச் சொல்லிவிட்டார். ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்கும்வரை தையல்காரி வாசலிலேயே நின்றாள்.

அதற்கப்புறம் அவள் வாயைத் திறந்தது கட்டடமே பார்க்காதது. மெத்தையை உருட்டிக்கொண்டு வந்து படியில் போட்டாள், தலையணைகளை வீசினாள், கட்டில் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கைப்பிடிச் சுவரில் சாத்தினாள். ஒவ்வொரு பலகைக்கும் ஒரு வீட்டைக் கூப்பிட்டாள். கீழ் வீட்டுக்காரரே, உங்கள் பர்னர் எப்படி இருக்கிறது? எதிர்வீட்டம்மா, உங்கள் அடுப்பு எத்தனை தடவை கெட்டது? தலைவரே, உங்கள் சட்டைக் காலரிலும் பர்னரா அடைத்துக்கொண்டிருந்தது? ஒரு கதவும் திறக்கவில்லை. வேலை முடிந்து வந்த கணவர், படியில் கிடந்த மெத்தையையும் மனைவி முகத்தையும் பார்த்தார். பையை வைத்துவிட்டு, மெத்தையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனார். அதற்காக அன்றைக்கு அவரை அவளுக்கு ரொம்பப் பிடித்தது.

மறுநாள் தலைவர் கூட்டம் போட்டார். தையல்காரி குடும்பத்துக்கு ஒரு கஷ்டம் வந்திருக்கிறது, நாம் ஒரே கட்டடத்தில் இருப்பவர்கள், அவர்களுக்காக ஆறு வீட்டுக்காரர்களும் ஒரே நாளில் மருந்தடித்து ஒத்துழைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம் என்றார். ஐந்து வீட்டுக்காரர்களும் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்கள். அவளுக்குக் கண் சிவந்துவிட்டது. எழுந்தவளைக் கணவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பூச்சி சாகட்டும், அதுதான் முக்கியம் என்று காதோடு சொன்னார். மகள் கையைப் பார்த்துக்கொண்டு அவள் பல்லைக் கடித்தாள். அடுப்பு ரிப்பேர்காரர் முதல்முறையாகப் பெட்டி இல்லாமல், தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு, வாசல் வழியாக நிமிர்ந்து நடந்து வந்தார். எல்லா வீட்டிலும் அடித்தார், குஞ்சு பொரிக்கும் நேரம் பார்த்து மறுபடியும் வந்து அடித்தார். பூச்சி ஒழிந்தது.

பெயர் மட்டும் ஒழியவில்லை. வாயைத் திறந்து சொன்னது அவள் ஒருத்திதான், அதனால் கட்டடத்தில் மூட்டைப்பூச்சி இருந்த வீடும் அவள் வீடு ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. தெருக்கோடிக் கடையில் வழி கேட்டால்கூட மூட்டைப்பூச்சி வந்ததே, அந்தத் தையல் வீடா என்றுதான் கேட்டார்கள். பள்ளித் துணி வேறு ஆளுக்குப் போனது. வழக்கமாக வருகிறவர்களில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். மகளின் தோழி ஒருத்தி, தன் அம்மா சொன்னாள் என்று, வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனாள். அன்றைக்குத் தையல்காரி மெஷினை அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினாள், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். மாடி அக்கா மட்டும் ஒரு தடவை படியில் கையைப் பிடித்து, அன்னைக்கு நீங்க சொன்னது நல்லதாப் போச்சு என்று முணுமுணுத்தாள். கையை உதறிக்கொண்டு இறங்கினாள் தையல்காரி. இந்தக் காதோடு சொல்கிற பாராட்டெல்லாம் அவளுக்குப் போதும் போதும் என்று ஆகியிருந்தது.

மிச்சமிருந்த வாடிக்கைகளை வைத்து மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மழைக்காலம் போய் மறுபடி வெயில் வந்தது. ஒரு நாள் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தபோது, படியில் கனமான காலடி கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். தோளில் கேஸ் அடுப்புப் பெட்டியோடு அதே ரிப்பேர்காரர் தலையைக் குனிந்துகொண்டு ஏறிக்கொண்டிருந்தார்.

மெஷின் நின்றது. அவள் எழுந்துபோய் மேல் படிக்கட்டின் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். ஊசிகளை எடுத்துக் குத்தினாள்.

"யார் வீட்டு அடுப்பு?" என்றாள்.

அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். கண் மட்டும் மேலே, தலைவர் வீட்டுப் பக்கம் போனது.

அவள் அங்கேயே உட்கார்ந்தபடி மேலே பார்த்து, மாடி அக்கா, உங்கள் அடுப்புக்கு ஆள் வந்திருக்கிறது, இறங்கி வந்து கூட்டிப் போங்கள் என்று குரல் கொடுத்தாள். கதவு திறந்து, மாடி அக்கா நாலு படி இறங்கி வந்தாள். பின்னாலேயே தலைவரும் வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மெதுவாப் பேசுங்க. கீழ எல்லாருக்கும் கேக்கும்" என்றாள் மாடி அக்கா.

"கேக்கட்டும். போன தடவை என் வாயால கேட்டாங்க. இந்தத் தடவை உங்க வாயால கேக்கட்டும். அதுவரைக்கும் இவர் இந்தப் படியைத் தாண்ட மாட்டாரு."

தலைவர் தொண்டையைச் செருமினார். இது பர்னர் சம்பந்தப்பட்ட விஷயம் என்றும், வழியை மறித்து உட்காருவது முறையில்லை என்றும் ஆரம்பித்தார். மாடி அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கழுத்து முழுக்கத் தடிப்பு, சொறிந்து சொறிந்து சிவந்திருந்தது.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் கணவரிடம். அதை அவள் வாயிலிருந்து அவரே முதல்முறையாகக் கேட்டிருப்பார். அப்புறம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிக்கட்டு மொத்தத்துக்கும் கேட்கிற மாதிரி, "எங்க வீட்டுல மூட்டைப்பூச்சி இருக்கு. போன வருஷமும் இருந்துச்சு. உங்களுக்கு முன்னாடியே இருந்துச்சு" என்றாள்.

கீழே ஏதோ ஒரு வீட்டில் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் குறைந்தது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது, இந்தத் தடவை சாத்திக்கொள்ளவில்லை.

தையல்காரி எழுந்து, உட்கார்ந்த இடத்தைத் தட்டிவிட்டு, வழியை விட்டு ஒதுங்கி நின்றாள். மருந்துக்காரர் பெட்டியைத் தூக்கக் குனிந்தார்.

"பெட்டி இங்கயே கிடக்கட்டும். உள்ள இருக்கறதை மட்டும் எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

அவர் தெளிப்பானை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டு மேலே ஏறினார். அவள் உள்ளே போய் ஊசிகளை மறுபடி உதட்டில் வைத்துக்கொண்டு, திரைச்சீலையை விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தாள். காலிப் பெட்டி எல்லோரும் பார்க்கும்படி படியிலேயே கிடந்தது.